கடிதத்திலிருந்து கணக்கை மீட்க முடியுமா?

கேள்வி: சிறிய நிதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கடன்தாரர் பெயர், கணக்கு எண், பாக்கித் தொகை, கெடு தேதி எல்லாம் ஒரு எக்செல் கோப்பில் இருந்தன. அதை வைத்து மெயில் மெர்ஜில் சுமார் 600 நினைவூட்டுக் கடிதங்கள் தயாரித்தோம். ஹார்ட் டிஸ்க் பழுதாகி எக்செல் போய்விட்டது. கடிதங்கள் மட்டும் பென் டிரைவில் டெக்ஸ்ட் கோப்புகளாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அடிக்கச் சொல்கிறார் மேலாளர். வேறு வழி உண்டா ஐயா?
- வாசகி, ஈரோடு

பதில்: உண்டு. கையால் மட்டும் அடிக்காதீர்கள். ஏதாவது ஒரு தொகையில் பூஜ்ஜியம் விட்டுப்போகும், எதில் என்று பிறகு தெரியாது.

முதலில் பென் டிரைவை நகலெடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். நாலைந்து கடிதங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் மாறாமல் வருவது வார்ப்புரு. மாறுவது உங்கள் தரவு. 'கணக்கு எண் 00417-இல் ரூ. 12,500 பாக்கி உள்ளது' என்ற வரியில் எண்ணும் தொகையும் போக மற்றதெல்லாம் நிலையானவை. அந்த நிலையான சொற்களை அப்படியே வைத்து, மாறும் இடங்களில் (.+?) என்று போட்டால் அதுதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன். பைத்தான் தெரிந்த கல்லூரி மாணவர் யாராவது கிடைத்தால் ஒரு மாலைப்பொழுது வேலை. 'ரூ.' என்பதில் உள்ள புள்ளிக்கு அங்கே 'எந்த எழுத்தும்' என்று பொருள். அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடச் சொல்லுங்கள்.

தமிழ்க் கோப்புகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. 'தொகை'யில் உள்ள 'தொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. தேடுவதற்கு முன் கோப்புகளையும் வார்ப்புருவையும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இதைச் செய்யாமல் 'ஒன்றுமே பொருந்தவில்லை' என்று கைவிட்டவர்கள் பலர்.

பொருந்தாத கடிதங்கள் சில மிஞ்சும். அவற்றைத் தனியே ஒதுக்கிக் கண்ணால் பாருங்கள். யாரோ கையால் திருத்தியதோ, ஜாமீன்தாரருக்கென்று கூடுதல் வரி சேர்த்ததோ அங்கேதான் இருக்கும்.

இரண்டு மாறும் இடங்கள் நடுவில் நிலையான சொல் இல்லாமல் ஒட்டி வந்தால்தான் உண்மையான சிக்கல். பெயரும் ஊரும் அடுத்தடுத்து வரும் கடிதத்தில் 'கணேசன் பழனி' என்று இருந்தால், பழனி ஊரா, அப்பா பெயரா? எந்த நிரலாலும் சொல்ல முடியாது. கடன் மனுவை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கிடைத்ததை எக்செலில் ஏற்றும்போது எல்லாப் பத்திகளையும் 'டெக்ஸ்ட்' என்று குறித்து ஏற்றுங்கள். இல்லாவிட்டால் 00417 வெறும் 417 ஆகிவிடும். அமெரிக்க முறையில் அமைத்த கணினியில் 03/04/2023 மார்ச் 4 ஆகிவிடும். கடிதத்தில் தொகையை எழுத்தாலும் எழுதியிருந்தால் அதையும் தனிப் பத்தியாக எடுத்து எண்ணோடு ஒப்பிடுங்கள். இதைவிட நல்ல சரிபார்ப்பு இல்லை.

கடைசியாக, மீட்ட தரவை அதே வார்ப்புருவில் ஊற்றிக் கடிதங்களை மறுபடி உருவாக்கி, பழையவற்றோடு கணினியைக் கொண்டே ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனாலும், கடிதத்தில் இருந்ததைச் சரியாக எடுத்துவிட்டீர்கள் என்பதற்கு மட்டுமே அது சான்று. 12,499.60-ஐ முழு ரூபாயாக்கி 12,500 என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பைசா கடிதத்தில் இல்லை. கடிதம் போன பிறகு கட்டிய தவணையும் இல்லை. ஆகவே மீட்ட கோப்பை ரசீதுப் புத்தகத்தோடு ஒருமுறை சரிபார்க்காமல் யாருக்கும் அடுத்த நோட்டீஸ் அனுப்பாதீர்கள்.