புது முயலைப் பேணிப் பழக்கும் முறை

சந்தைக்குச் சென்ற தகப்பனார், குழந்தைகளின் வேண்டுகோளுக்கு இணங்கி ஒரு முயற்குட்டியைக் கூடையிலிட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தெருப் பிள்ளைகள் யாவரும் கூடிவிடுகிறார்கள். ஒருவன் காதைப் பிடித்துத் தூக்குகிறான்; ஒருத்தி மடியில் இறுக அணைக்கிறாள்; பாட்டி இட்டிலியைப் பிட்டு வைக்கிறாள். குட்டியோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. "எவ்வளவு சாது!" என்று எல்லோரும் வியக்கிறார்கள். மூன்றாம் நாள் அது தீனி தின்பதில்லை. ஐந்தாம் நாள் இறந்து கிடக்கிறது. "முயல் நம் வீட்டுக்கு ராசியில்லை" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள்.

ராசியின்மீது குற்றமில்லை. அக்குட்டி சாதுவாக இருக்கவில்லை, அச்சத்தால் விறைத்திருந்தது. அச்சமுற்ற முயலின் குடல் வேலை செய்வது குறையும்; குடல் நின்றால் உயிர் நிற்பது அரிது. ஆகையால், முயலை நம்மிடம் பழக்குவது என்பது குழந்தைகளின் பொழுதுபோக்கு மாத்திரமன்று. அதன் உயிரைக் காக்கும் வழிகளில் அதுவே முதலாவது என்பதை இப்பாடத்தில் விளக்குவோம்.

1. முயலின் சுபாவம்

வளர்ப்பு முயலின் முன்னோர் ஐரோப்பாவின் தென்மேற்கிலுள்ள ஸ்பெயின் முதலிய பிரதேசங்களில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த பிராணிகள். நம் கொல்லைகளிலும் தரிசுகளிலும் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வளர்ப்பு முயலின் குட்டியோ மயிரின்றிக் கண் மூடிப் பிறக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதும் அடைத்து வளர்ப்பதும் குற்றமாகும். வயலில் அகப்பட்ட குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருதல் கூடாது.

நாயும் பூனையும் வேட்டையாடும் ஜாதி. முயல் வேட்டையாடப்படும் ஜாதி. அதன் கண்கள் தலையின் இருபுறத்திலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய நாற்புறமும் பார்க்கும். ஆயின் மூக்கிற்கு நேர் முன்னுள்ள சிறு இடம் அதற்குத் தெரியாது. மேலிருந்து ஒரு நிழல் இறங்கினால் அது பருந்தென்றே எண்ணும். தன்னை ஒருவர் தரையினின்று தூக்கினால், தன் கதை முடிந்ததென்றே நினைக்கும். இவ்வொரு விஷயத்தை மனத்திற் கொண்டால், பின்னால் சொல்லப்போகும் விதிகள் யாவும் தாமே விளங்கும்.

2. இருப்பிடம்

ஆறு முதல் எட்டு வாரம் தாயிடம் இருந்த குட்டியையே வாங்கவேண்டும். நன்கு பேணினால் முயல் எட்டு முதல் பத்து வருஷம் உயிர்வாழும். ஆகையால் ஒரு மாத ஆசைக்காக வாங்குதல் தகாது.

வளர்ந்த முயல் மூன்று தாவல் தாவவும், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கவும் கூட்டில் இடம் வேண்டும். வெறும் கம்பி வலைத்தரை பாதத்தைப் புண்ணாக்குமாதலால், ஒரு பகுதியில் பலகையிட்டு வைக்கோல் பரப்புக. ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டியாவது, வாய் அகன்ற பழம்பானையாவது உள்ளே இருத்தல் அவசியம். ஒளியும் இடமுள்ள முயலே துணிந்து வெளியே வரும். நாய், பூனை, கீரி, பாம்பு, எலி நுழையாதபடி இராக்காலத்தில் நன்கு தாழிடவேண்டும். நாள்தோறும் சில மணிநேரம் காவலோடு வெளியில் விடுதல் நலம். முயல் தானே ஒரு மூலையைத் தேர்ந்து அங்கே கழிக்கும் வழக்கமுடையது. அம்மூலையில் வைக்கோலிட்ட தட்டொன்றை வைத்தால் கூடு சுத்தமாயிருக்கும்.

3. ஆகாரம்

முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை அரைத்துத் தின்பதாலேயே அவை தேயும். ஆதலால் அதன் ஆகாரத்தில் பெரும்பகுதி புல்லாயிருத்தல் வேண்டும். அறுகு, கொழுக்கட்டைப்புல் முதலியவற்றை நிழலில் உலர்த்தி, இரவும் பகலும் கூட்டில் குறையாமல் வைக்கலாம். நெல் வைக்கோல் படுக்கைக்கு உதவுமேயன்றி, சத்துக் குறைவானதால் புல்லுக்கு ஈடாகாது.

கொத்துமல்லி, முள்ளங்கி இலை, வேலிமசால் போன்ற பசுந்தழைகளைக் கழுவி ஈரம் வடித்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். காரட்டும் பழமும் சர்க்கரை மிகுந்தவை. விரலளவு துண்டுக்கு மேல் வேண்டாம். கடையில் விற்கும் குச்சித் தீவனமாயின், உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் போதும். சோறு, இட்டிலி, ரொட்டி, பிஸ்கோத்து, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகியவற்றையும், பூச்சிமருந்து தெளித்த தழைகளையும் ஒருபோதும் கொடுக்கலாகாது. முயலுக்கு வாந்தி எடுக்கும் சக்தி கிடையாது. தவறானதைத் தின்றால் அதை வெளியேற்ற வழியில்லை.

விற்றவர் என்ன தீனி கொடுத்துவந்தார் என்பதை வாங்கும்போதே கேட்டறிந்து, முதலில் அதையே கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகப் புதுத் தீனிக்கு மாற்றவேண்டும். சுத்தமான ஜலம் எப்பொழுதும் இருக்கவேண்டும். கவிழாத கனமான மண்கலயம் உத்தமம்.

இரவிலோ விடியற்காலையிலோ முயல் குனிந்து, தன் மென்மையான ஒருவகைப் புழுக்கையை உடனே உண்பதைக் காணலாம். இது அசுத்தமன்று, நோயுமன்று. முதன்முறை செரியாத சத்துக்களை அது இவ்விதம் மீட்டுக்கொள்கிறது. இதைத் தடுக்கலாகாது.

4. பழக்கும் முறை

முதல் இரண்டு மூன்று நாட்கள் முயலைத் தொடவே வேண்டாம். தீனியும் ஜலமும் வைத்துவிட்டு விலகுக. வீட்டின் ஓசைகளும் மணங்களும் அதற்குப் பழகட்டும்.

பிறகு, நாள்தோறும் ஒரே வேளையில் தரையில் அமர்க. முயல் காலையிலும் மாலையிலுமே சுறுசுறுப்பாயிருக்குமாதலால், விளக்கேற்றும் வேளை ஏற்றது. கூட்டைத் திறந்துவிட்டு, அதைப் பாராததுபோல் ஒரு புத்தகத்தையோ முறத்துக் கீரையையோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருவதே போதும். முதல் நாள் அது எட்டிப் பார்க்கும், மற்றொரு நாள் வந்து பாதத்தை முகரும், சட்டென்று ஓடிவிடும். ஓடும் முயலைத் துரத்திப் பிடித்தால், பத்து நாள் சேர்த்த நம்பிக்கை ஒரு நொடியில் அழிந்துபோகும்.

தானாக வந்து முகரத் தொடங்கியபின் ஒரு தழையைக் கையில் நீட்டுக. அதைக் கையிலிருந்து தின்னப் பழகியபின், பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கையைக் கொண்டுசென்று நெற்றியை வருடுக. மூக்கிற்கு நேராகவோ தலைக்கு மேலிருந்தோ கை வருதல் ஆகாது. வயிறு, பாதம், வால் இவற்றைத் தொடுவதை முயல் விரும்பாது. இவ்வளவுக்கும் சில முயல்களுக்கு இரு வாரம் போதும். சிலவற்றுக்கு இரு மாதமும் செல்லும். குழந்தைகளுக்குச் சொல்லவேண்டிய விதி ஒன்றே: தரையில் உட்கார், அது வரும்வரை காத்திரு.

5. தூக்கும் முறை

கூட்டைச் சுத்தம் செய்யவும், நகம் வெட்டவும், வைத்தியரிடம் காட்டவும் தவிரத் தூக்கவேண்டிய அவசியமில்லை. காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும், மறு கையைப் பின்புறத்தைத் தாங்கியும் வைத்து, மார்போடு அணைத்து எடுக்கவேண்டும். பின்புறம் தாங்கலின்றித் தொங்கினால் முயல் பலமாக உதைக்கும். அவ்வுதையின் வேகத்திலேயே அதன் முதுகெலும்பு முறிந்துபோவதுண்டு. இறக்கும்போது தரைவரை கொண்டுசென்றே விடுக. குளிப்பாட்டுதல் வேண்டாம், நாவால் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி அது.

6. குறிகளை அறிதல்

முயல் குரலெழுப்புவது அரிது. ஆயினும் பேசத் தெரியாத பிராணியன்று. பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டினால் அபாயம் என்று பொருள். முகவாயைப் பொருள்களின்மீது தேய்த்தால் அவற்றைத் தனதென்று மணத்தால் குறியிடுகிறது. வருடும்போது பற்களை மெல்ல அரைத்தால் திருப்தி. ஒடுங்கி உட்கார்ந்து உரக்க நறநறவென்று கடித்தால் வலி. துள்ளி அந்தரத்தில் உடலை முறுக்கினால் ஆனந்தம். நம் அருகே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டால், அந்த வீட்டை அது நம்பிவிட்டது என்று அறியலாம்.

7. நோயும் கோடையும்

வேட்டையாடப்படும் பிராணி தன் நோயை மறைக்கும்; பலவீனம் வெளிப்பட்டால் எதிரி அதையே குறிவைப்பான். பழகாத வீட்டில் முயலின் நோய், அது சாயும்போதே தெரியவரும். நாள்தோறும் அதனோடு அமர்பவரோ, "நேற்று ஓடிவந்தது, இன்று வரவில்லை, புழுக்கை சிறுத்திருக்கிறது" என்று முதல் நாளே கண்டுகொள்வார். அந்த ஒரு நாள் வித்தியாசமே பிழைப்பதும் சாவதும். அரை நாளுக்கு மேல் தின்னாமலும் புழுக்கையிடாமலும் இருந்தால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று இராமல் உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும்.

காதுக்குள் பொருக்குப் படிந்து முயல் தலையை உதறினால் அது சொறிப்பூச்சியாகும். மருந்தை வைத்தியரே தரவேண்டும். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால், குடலிலுள்ள நன்மை செய்யும் கிருமிகள் மடிந்து முயலும் இறக்கக்கூடும். நாய்க்கு உண்ணி போக்கும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம். வீட்டிலுள்ள மாத்திரையை ஒடித்துக் கொடுக்கும் வழக்கம் முயல் விஷயத்தில் வேண்டாம்.

முயலுக்கு வியர்வை இல்லை. காதுகளின் வழியாகவே பெரும்பாலும் உஷ்ணத்தை வெளியேற்றுகிறது. கொடைக்கானல் மலையின் மன்னவனூர் போன்ற குளிர்ந்த இடங்களில் முயற்பண்ணைகள் உள்ளன. சமவெளியில் வளர்ப்பவருக்கோ கோடையே பெரிய எதிரி. 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஜாக்கிரதை தேவை. கூட்டைக் கீற்று நிழலுக்கு மாற்றி, காற்று தடைபடாதபடி நனைத்த கோணியைத் தொங்கவிட்டு, படுப்பதற்கு ஈரமான செங்கலோ ஓடோ வைக்கலாம். வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் அபாயம். குளிர்ந்த ஜலத்தால் காதுகளை நனைத்து, தாமதியாமல் வைத்தியரை நாடுக. பனிக்கட்டி ஜலம் கூடாது.

8. துணை முயல்

முயல் கூட்டத்தில் வாழும் பிராணியாதலால் துணை நல்லதே. ஆயினும் புதியதை நேரே கூட்டில் விட்டால் இரண்டும் இரத்தம் சிந்தச் சண்டையிடும். அடுத்தடுத்த கூடுகளில் சில வாரம் வைத்து, பின் இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் நம் கண்முன்னே சிறிது நேரம் சந்திக்கவிடவேண்டும். ஆணும் பெண்ணுமாயின், சுமார் நான்கு மாதத்திலேயே இனவிருத்திக்குத் தகுதியாகி, சுமார் 31 நாளில் ஈனும். அறுவை செய்ய இயலுமா என்று வைத்தியரை முன்னரே கலந்துகொள்க.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பார் சிலர். பிடித்த முயல் எத்தனை காலுடையதாயினும் அது நம்முடையதாகாது. தானாக வந்து நம் பக்கத்தில் படுக்கும் முயலே நம்முடையது. தரையில் அமர்ந்து காத்திருக்கப் பழகிய குழந்தை, முயலை மாத்திரமன்று, வாயில்லாப் பிராணி எதையும் அறியக் கற்றுக்கொள்கிறது.

கூட்டத்தில் படித்தபின் கலந்து பேசத்தக்க வினாக்கள்

1. புது முயல் அசையாதிருப்பதைச் சாதுத்தன்மை என்று கொள்வது ஏன் தவறு?
2. முயலின் பல்லுக்கும் புல்லுக்கும் உள்ள சம்பந்தம் யாது?
3. முதல் வாரத்தில் செய்யத்தகாதவை எவை?
4. முயல் தின்னாதிருந்தால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? ஏன்?
5. நம் ஊர்க் கோடையில் கூட்டை எங்கே, எவ்விதம் அமைக்கலாம்?