டாக்டர் சரியாகப் பார்க்கிறாரா?

சிவகாசிப் பக்கம் இருமலோடு போனால், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்பதை நல்ல டாக்டர் கட்டாயம் கேட்பார். பட்டாசு மருந்துக் கலவை அறையா, தீப்பெட்டி ஆபீஸா, அச்சகமா? அலுமினியத் தூளும் கந்தகமும் மூச்சில் ஏறுகிற ஊர் இது. அதைக் கேட்காமல், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பும் வைக்காமல் ஊசியை எடுப்பவரிடம் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் யோசியுங்கள். (ஊசி போடச் சொல்லி நச்சரிப்பது பல நேரம் நாம்தான், அது வேறு கதை.)

டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனைக்கு எழுதித் தர வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். பெரிய தீக்காயத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து அனுப்புகிறவரை நம்பலாம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டென்றால், சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.