காய்ச்சல் போயும் இருமல் நிற்கவில்லையா?

சித்தூர் மாவட்டத்தின் கடைக்கோடியில், குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ராமகுப்பம். அங்கும் மழைக்காலத்து இருமலெல்லாம் ‘வைரல்’ கணக்கில்தான் சேரும். காசநோயும் அதே கணக்கில் ஒளிந்துகொள்ளலாம். 2020 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் இருவழிச் சோதனையை அறிவித்தது இதனால்தான்: கொரோனாவோ ஃப்ளூ மாதிரிக் காய்ச்சலோ வந்தவரிடம் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது, காசநோயாளிக்குக் கொரோனா பரிசோதனை செய்வது.

1. தேதியைக் குறியுங்கள்

இருமல் தொடங்கிய நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சளியில் ரத்தம், இரவு வியர்வை, எடை இறக்கம் இருந்தால் அதுவரை காத்திருக்கவே கூடாது.

2. மெடிக்கல் ஷாப் வைத்தியம் வேண்டாம்

லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் தணியும், நோய் பிடிபடத் தாமதமாகும். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, உள்ளே அடங்கிக் கிடக்கும் கிருமிக்கு வழிவிடும்.

3. எச்சில் அல்ல, சளி

காலையில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆளில்லாத திறந்த வெளியில் நின்று, மூச்சை ஆழமாக இழுத்து நெஞ்சிலிருந்து இருமுங்கள். கெட்டியாக வருவதை டப்பாவில் துப்பி, மூடியை இறுக்குங்கள். ட்ரூநாட் கருவி அதில் கிருமியின் மரபணுவைத் தேடும். கண்டால், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அது மசியுமா என்பதையும் சொல்லும். ஃப்ளூ உறுதியானாலும் இந்தப் பரிசோதனையை விடக் கூடாது. ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்றாகாது.

4. இரண்டும் இருந்தால்

காய்ச்சலைச் சாக்கிட்டுக் காசநோய் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருந்து அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள்: ரிஃபாம்பிசின் பல மருந்துகளின் வீரியத்தைக் குறைக்கும். கொரோனாவுக்கான பாக்ஸ்லோவிட்டை அதோடு சேர்த்துக் கொடுப்பதில்லை.

5. வீட்டில்

சன்னலைத் திறந்து வையுங்கள். நோயாளி மாஸ்க் போடட்டும். வீட்டை விட்டு ஒதுக்க வேண்டாம். சானடோரியத்தில் இருந்தவர்களையும் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களையும் சென்னையில் ஒப்பிட்டுப் பார்த்து, 1959இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் கூட இருப்பவர்கள் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டாக்டர் சொன்னால் தடுப்பு மாத்திரையும் உண்டு.

6. பணமும் பயணமும்

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. அரசு மருத்துவமனைகளில் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்குக்கு வரும். நடுவில் பெங்களூருக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தால், கிளம்பும் முன்பே சுகாதார நிலையத்தில் சொல்லி, காசநோயாளிகளுக்கான அரசின் நிக்‌ஷய் பதிவை அங்கே மாற்றிக்கொள்ளலாம். சந்தேகம் கேட்க இலவச எண்: 1800-11-6666.