ஐம்பதைக் கடந்தபின் அலங்காரம்

கேள்வி: ஐம்பது வயதைக் கடந்த நான் ஆடம்பரமின்றி அழகாக உடுத்துவது எப்படி?
– ஒரு வாசகி, வில்பட்டி

பதில்: சகோதரி, 2005-இல் புவிசார் குறியீடு பெற்றதும், தங்கள் திண்டுக்கல் மாவட்டத்துச் சின்னாளபட்டியில் கிடைப்பதுமான சுங்குடிச் சேலையை, அதிலும் நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்தமையால் வெண்புள்ளிகள் பூத்து நிற்கும் அசல் பருத்தியை, அரக்கு அல்லது கருநீல வர்ணத்தில் தேர்ந்து, இலேசாகக் கஞ்சியிட்டு, மடிப்புக் கலையாமல் உடுத்தி, முழங்கை வரை நீண்ட ரவிக்கையும் தங்கள் ஊரின் மலைக்குளிருக்கு வெண்ணிறக் கம்பளிச் சால்வையும் சேர்த்துக்கொள்வீர்களாயின், அந்தக் கம்பீரத்துக்கு ஈடான அலங்காரம் வேறில்லை. சேலையில் புள்ளிகள் நிறைந்திருப்பதால் கழுத்துக்கு ஒற்றைச் சங்கிலி போதும். நரையை மறைக்கவும் அவசியமில்லை. முதல் சலவையைத் தனியே செய்து, நிழலில் உலர்த்துங்கள்.