ஷெல்லில் இருந்து பிஎச்பிக்கு: முதலில் பைட்டை எண்ணுங்கோ

ஷெல்லில் சரியாக ஓடுற என்கோடிங் கட்டளை, பிஎச்பிக்கு மாற்றினதும் வேற விடை தரும். ஏன் எண்டு பார்ப்பம்.

ரெய்னர்ஸ் லேனில் தமிழ் படிச்ச ஆருக்கும் ‘அம்மா’ மூன்று எழுத்து. யூனிகோடில் அது 5 குறியீடு. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15.

அதை எக்கோ மூலம் பேஸ்64க்கு அனுப்பினால் 24 எழுத்து வரும். பிஎச்பியின் பேஸ்64 ஃபங்ஷன் 20தான் தரும். எக்கோ கடைசியில் ஒரு புதுவரியைச் சேர்த்து 16 பைட் ஆக்கிவிடுது. பிரிண்ட்எஃப் பாவிச்சால் இரண்டும் ஒத்துப்போகும். பழைய ஷெல் விடையேதான் வேணுமெண்டால், பிஎச்பியில் நீங்களே புதுவரியைச் சேர்க்கோணும்.

அடுத்தது ஷா-256. ஷெல்லில் ஓப்பன்எஸ்எஸ்எல்லை பைனரியாக ஓடவிட்டால் 32 பைட். பிஎச்பியின் ஹாஷ் ஃபங்ஷனோ 64 ஹெக்ஸ் எழுத்து தரும். மூன்றாவது ஆர்கியுமென்ட்டை ட்ரூ ஆக்குங்கோ. பேஸ்64 விடை 88இலிருந்து 44 ஆகும்.

ஒரு பைட் பிசகினாலும் ஏபிஐ கையொப்பம் பொருந்தாது. ஆரோ ஒருத்தரின்ர கட்டணம் போகாமல் நிற்கும். அதனால் ஒவ்வொரு பைப்புக்கும் பிறகு, ஷெல்லில் டபிள்யூசி, பிஎச்பியில் ஸ்டர்லென். இரண்டு எண்ணும் ஒன்றானால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கோ.