எண்ணாக ஓடும் ஒலி

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

ஒலியைப் பதிந்து வைப்பது ஒரு கலை என்றால், பதிந்த ஒலியை ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குச் சேதமின்றிக் கொண்டு போவது பெருந்தொல்லை எனலாம். அந்தத் தொல்லையில் சென்ற கோடை விடுமுறை முழுவதும் கிடந்தவன் நான். கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம் கல்லூரித் தமிழ்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், 1998-இல் எங்கள் பக்கத்து ஊர்களில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்தார். பாடியவர்களுள் என் அப்பாயியும் ஒருவர். அவர் 2009-இல் காலமானபோது எனக்கு நான்கு வயது, குரல் நினைவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதை அறிந்த பேராசிரியர், தம் கையடக்கப் பதிவுக் கருவியையும் நான்கு நாடாக்களையும் என்னிடம் கொடுத்து, "நீ இயற்பியல்காரன், இதைக் கணிப்பொறிக்கு ஏற்றிக் கொடு" என்றார்.

அக்கருவி 'டாட்' எனப்படும் எண்முறை ஒலிநாடாவில் பதிவது. சோனி நிறுவனம் 1987-இல் இதனை வெளியிட்டது. 2005-இல் கருவிகளின் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆகவே இருக்கிற கருவி பழுதானால் நாடாவிலுள்ள பாட்டும் போயிற்று என்றே கொள்ள வேண்டும். காதொலிப்பான் துளையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து மறுபடி பதிவு செய்தால் ஆகாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆகும், ஆனால் எண்ணை மின்னலையாக்கி, மின்னலையை மீண்டும் எண்ணாக்கும்போது இரு கருவிகளின் இரைச்சலும் அதில் ஏறிவிடும். எண்களாக இருப்பதை எண்களாகவே எடுத்தால் மூலத்திற்கும் நகலுக்கும் வேறுபாடே இராது.

இதற்கான வழியே சோனி, பிலிப்ஸ் ஆகிய இரு நிறுவனங்களின் பெயரால் வழங்கும் 'எஸ்/பிடிஃப்' இணைப்பு. இதில் இடச் செவிக்கு 32 துகள், வலச் செவிக்கு 32 துகள் என ஒவ்வொரு மாதிரிக்கும் 64 துகள்கள் செல்லும். ஒலி நொடிக்கு 48,000 முறை அளக்கப்பட்டிருந்தால், கம்பியில் நொடிக்கு 30,72,000 துகள்கள் ஓடும். இத்தனை வேகத்தில் கம்பி வெறும் கம்பியாக இராது; வானொலி அலை செல்லும் பாதைபோல நடந்துகொள்ளும். அதனால்தான் 75 ஓம் மறிப்பு உள்ள கேபிள் வேண்டும் என்கிறார்கள். மறிப்பு பொருந்தாவிட்டால் துடிப்பு முனையில் மோதித் திரும்பும். தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் மஞ்சள் முனைப் படக் கேபிள் 75 ஓம்தான், அது போதும். ஒலிப்பதிவுக் கூடங்களில் மூன்று முள் கொண்ட 110 ஓம் கேபிள் வழங்குகிறது. அது நமக்கு வேண்டியதில்லை.

மற்றொரு வழி, தோஷிபா 1983-இல் கொணர்ந்த 'டாஸ்லிங்க்'. ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் இழையில் சிவப்பு ஒளி விட்டு விட்டுச் செல்லும். எண்கள் அவையே, வாகனம் மட்டும் வேறு. என்னிடமிருந்த கருவி ஒளி கொடுப்பது. இரவல் வாங்கிய புதிய பதிவுக் கருவியோ மின்துடிப்பை வாங்குவது. இடையில் ஒரு மாற்றுப் பெட்டி வேண்டும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போன மாமா மகனிடம் சொல்லி வாங்கினேன். இணைத்தேன். புதிய கருவி 'உள்ளீடு இல்லை' என்றே அடம்பிடித்தது. இரண்டு நாள் கழித்தே விளங்கிற்று: நான் வாங்கச் சொன்னது ஒளியை ஒலியலையாக மாற்றித் தரும் பெட்டி. அதன் ஆர்.சி.ஏ. துளையும் எண்முறைக்கான ஆர்.சி.ஏ. துளையும் பார்வைக்கு ஒன்றே. துளையின் வடிவத்தைக் கண்டு உள்ளே என்ன ஓடுகிறது என்று சொல்ல முடியாது. சில கையடக்கக் கருவிகளில் காதொலிப்பான் துளையின் அடியிலேயே ஒளி வாயில் ஒன்றையும் ஒளித்து வைத்திருப்பார்கள்!

சரியான பெட்டி வந்தபின் முதல் நாடா முழுவதையும் ஏற்றினேன். அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடம் காத்திருக்க வேண்டும், குறுக்கு வழியில்லை. இரவு அப்பாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டவர், "பாட்டு அதுதான்டா. கொரலு ஆத்தாளுது இல்ல, வேற யாருதோ" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் கோப்பின் நீளத்தைப் பார்த்தேன். அறுபது நிமிட நாடா 65 நிமிடம் 18 நொடியாக நின்றது. காரணம் பிடிபட்டது. பேராசிரியர் பதிந்தது நொடிக்கு 48,000 மாதிரி. நான் புதிய கருவியை 44,100-இல் வைத்திருந்தேன்.

இங்கே சற்று நிற்க வேண்டும். எஸ்/பிடிஃபில் கடிகாரத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. ஒவ்வொரு துகளின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் கட்டாயம் ஒருமுறை மாறும். துகள் 'ஒன்று' எனில் நடுவிலும் ஒருமுறை மாறும். அந்த மாற்றங்களே வாங்கும் கருவிக்குத் தாளம். நடவில் பாட்டின் தாளம் கைகளுக்கு வேகம் சொல்வது போலத்தான். என் கருவி அத்தாளத்திற்கு ஒத்து எல்லா எண்களையும் ஒழுங்காக வாங்கிக்கொண்டது. ஆனால் கோப்பின் தலைப்பில் மட்டும் நான் சொன்னபடி 44,100 என்று எழுதிவிட்டது. ஆகவே பாட்டு எட்டு விழுக்காடு மெதுவாக ஓடியது. சுருதி ஏறத்தாழ ஒன்றரை சுரத்தானம் இறங்கி, குரல் கனத்துவிட்டது. என் அளவு கருவிகள் சொல்லாததை அப்பாவின் காது சொல்லிற்று.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஓர் எண்கூடத் தொலையவில்லை. தலைப்பிலிருந்த 44,100-ஐ 48,000 என்று திருத்தியதும் எல்லாம் சரியாயிற்று. நலிந்த நாடாவை மறுபடி ஓட்ட வேண்டியிருக்கவில்லை.

பேராசிரியர் சொன்ன ஒரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். அன்றே அவர் நகல் எடுக்க முயன்றிருக்கிறார். முதல் நகல் வந்தது. நகலிலிருந்து இன்னொரு நகல் எடுக்கப் போனால் கருவி மறுத்துவிட்டது. ஒலியோடு செல்லும் துகள்களுள் 'நகல் எடுக்கலாமா' என்று சொல்லும் துகளும் ஒன்று. இசைத்தட்டு வணிகர்களின் அச்சத்தால் அமெரிக்கா 1992-இல் இதனைச் சட்டமாக்கியது. கருவி உலகெங்கும் விற்பனையாவதால், வயலில் அப்பாயி பாடியதற்கும் அப்பூட்டு விழுந்தது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. நல்ல வேளையாகக் கணிப்பொறி அந்தத் துகளைப் பொருட்படுத்துவதில்லை.

மூன்று நாடாக்கள் முடிந்தன. நான்காவது, 23-ஆம் நிமிடத்தில் ஊமையாகிறது. பிழைகள் திருத்த முடியாத அளவு பெருகினால் கருவி தானே வாயை மூடிக்கொள்ளும். நாடா முனையைத் துடைத்து மீண்டும் முயல இருக்கிறேன்.

திருத்திய கோப்பை அப்பாவுக்கு மறுபடி போட்டேன். இம்முறை எழுந்து போகவில்லை. "கூடப் பாடுறது மேலத்தெரு அத்தை" என்றார்.