தள்ளுபடி தருமுன் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்

வரைபடத் தாளில் கோடு போட்டதைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவந்தவர்கள் நம்மில் பலர். உண்மையில் அது கடைக்கு வேண்டிய பாடம். சமன்பாட்டைக் கோடாகக் காணும் வழியை 1637-ல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் தம் நூலில் வெளியிட்டார். "பெரிய கடையில் விலை குறைத்துத் தருகிறார்கள், நீங்களும் குறையுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்டால், 2 சதவீதம்தானே என்று கொடுத்துவிடுகிறோம். அந்த இரண்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒரு கோடு சொல்லிவிடும்.

உதாரணமாக ஒரு மளிகைக் கடை. வாடகை, சம்பளம், மின்கட்டணம், வட்டி எல்லாமாக மாதச் செலவு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்றாலும் விற்காவிட்டாலும் இது போயே தீரும். சொந்தக் கட்டடம் என்று வாடகையையும், கல்லாவில் நாமே உட்காருகிறோம் என்று நம் சம்பளத்தையும் எழுதாமல் விடுவது நம்மவர் பழக்கம். இரண்டையும் எழுத வேண்டும்.

100 ரூபாய் விற்பனையில், ஜி.எஸ்.டி. நீங்கலாக, 12 ரூபாய் நிற்கிறது என்போம். அடக்கவிலையின் மேல் 12 சதவீதம் வைப்பவருக்கு விற்பனையில் 10.71தான் நிற்கும், இங்கே பலர் ஏமாறுகிறார்கள். இனி நம் சமன்பாடு:

லாபம் = 0.12 × விற்பனை − 60,000

தாளின் நடுவில் படுக்கைக் கோடு விற்பனை; 1 செ.மீ.க்கு 1 லட்சம். இடது ஓரத்தில் செங்குத்துக் கோடு லாபம், 1 செ.மீ.க்கு 10,000. நட்டம் கீழே வரும். விற்பனை இல்லையென்றால் 60,000 நட்டம்: 6 செ.மீ. கீழே ஒரு புள்ளி. 10 லட்சம் விற்றால் 60,000 லாபம்: 10 செ.மீ. தள்ளி, 6 செ.மீ. மேலே மற்றொன்று. இரண்டையும் இணையுங்கள். கோடு படுக்கைக் கோட்டை 5 லட்சத்தில் வெட்டும். அதுவரை கடை நமக்காக ஓடவில்லை.

இப்போது 2 சதவீதம் தள்ளுபடி. நிற்பது 10 ரூபாய். கோடு அதே கீழ்ப் புள்ளியில் தொடங்கும். ஆனால் சாய்வு குறைந்து படுத்துவிடும். விலைப்பட்டியல் மதிப்பில் 6 லட்சம் விற்றால்தான் கைக்கடி தீரும். 7 லட்சம் விற்றபோது 24,000 பார்த்தவர் இப்போது பார்ப்பது 10,000. பழைய 24,000 வேண்டுமானால் 8.4 லட்சம் விற்க வேண்டும். அதாவது 20 சதவீதம் கூடுதல். தள்ளுபடி கேட்டவர்கள் அவ்வளவு கூடுதலாக வாங்குவார்களா? கேட்டுப் பாருங்கள்.

கூட்டம் கூடிவிட்டது, 10,000 சம்பளத்தில் இன்னொரு ஆள் வேண்டும் என்றால் சாய்வு மாறாது; கோடு முழுதும் 1 செ.மீ. கீழே இறங்கும். அதே 24,000-க்கு 9.4 லட்சம் தேவை.

எல்லாச் சரக்குக்கும் ஒரே கோடு போதாது. 100-க்கு 4 ரூபாய் மட்டும் நிற்கும் சரக்கில் 2 ரூபாய் விட்டுக்கொடுத்தால் சாய்வு பாதியாகிவிடும். அதில் பழைய வரவைக் காண இரண்டு மடங்கு விற்றாக வேண்டும். 20 ரூபாய் நிற்கும் சரக்கில் அதே 2 ரூபாயை ஒன்பதில் ஒரு பங்கு கூடுதல் விற்பனை ஈடுகட்டிவிடும். தள்ளுபடிப் பலகையை எந்த அலமாரியில் மாட்டுவது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.